எனக்கு மட்டும் நீக்கு

விரல் பதியவில்லை. இன்னொரு தரம் வைங்க தாத்தா என்றாள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண். கஜபதி வைத்தார். கண்ணாடித் துண்டுக்கு அடியில் சிவப்பாக எரிந்தது, அணைந்தது. பதியவில்லை. வலது கட்டைவிரல், இடது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், எதுவும் ஆகவில்லை. வருஷத்துக்கு ஒரு தரம் இந்த இ-சேவை மையத்துக்கு வந்து, உயிரோடுதான் இருக்கிறேன் என்று விரலைக் காட்டிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் பென்ஷன். எதிரில் நிற்கிறேன், மூச்சு விடுகிறேன், உன்னோடு மல்லுக்கட்டுகிறேன், இன்னும் என்னம்மா அத்தாட்சி வேணும் என்றார். எனக்குத் தெரியுது தாத்தா, மிஷினுக்குத் தெரியணுமே என்று அவள் சிரித்தாள். ரேகை தேய்ந்துவிட்டதாம். தேயாமல்? பஸ் டிப்போவில் ஆயுசு பூரா டீசலிலும் கிரீஸிலும் ஊறின கை. தோலும் வறண்டிருக்கு, இந்தாங்க துளி எண்ணெய், தடவிக்கிட்டு கொஞ்ச நேரம் உக்காருங்க, கூப்பிடறேன் என்று மேஜை டிராயரிலிருந்து ஒரு சின்ன டப்பியை நீட்டினாள். இவரைப் போல நாளைக்கு எத்தனை கிழம் வருகிறதோ, டப்பி பாதி காலி.

உட்கார்ந்தார். சுவரோரம் கம்பியில் பிணைத்த நாற்காலிகள். ஒருத்தர் அசைந்தால் வரிசையே அசையும். யாரும் அசையாமல் இருந்தால் தேவலை. அடிவயிற்றில் லேசாக முட்டியது. கிளம்பும்போதே போய்விட்டுத்தான் வந்தார். ஆனாலும் முட்டும். முட்டுகிறதா, முட்டுகிற மாதிரி இருக்கிறதா, அதுவே இப்போதெல்லாம் பிடிபடுவதில்லை. இங்கே கழிப்பறை கிடையாது. வெளியே சந்து இருக்கிறது, சந்தின் சுவரில் இங்கே ஒன்றுக்குப் போகிறவன் நாய் என்று எழுதியும் இருக்கிறது. போன மாசம் ஒரு விடியலில் படுக்கை நனைந்திருந்தது. மனைவி கோமளா விரிப்பை உருவிக்கொண்டு போனாள். சாயங்காலம் பார்த்தால் விரிப்புக்கு அடியில் ரப்பர் ஷீட். பேத்தி பிறந்தபோது வாங்கினது, பரணில் கிடந்தது, எப்போது இறக்கினாளோ. அவள் சொல்லவில்லை, இவர் கேட்கவில்லை. புரண்டு படுத்தால் அடியில் சரசரவென்கிறது. அந்தச் சத்தம் இரண்டு பேருக்கும் கேட்கும். இரண்டு பேரும் தூங்குகிற மாதிரி கிடப்பார்கள். அவள் என்ன நினைத்துக்கொண்டு கிடப்பாள்? இன்றைக்கு ஷீட், நாளைக்கு? நாளைக்கு அவளும் ஒரு கறுப்பு கவரைத் தூக்கிக்கொண்டு, வெளுக்கிறதுக்கு முன்னால், முக்காடு போட்டுக்கொண்டு... வேண்டாம். அங்கே போக வேண்டாம். அதைத்தான் எடுத்தாச்சே. முடிந்துபோன விஷயம். எண்ணெயை விரலில் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க விரல் பளபளத்தது, யாரோ மினுக்கி வைத்த பித்தளை மாதிரி. இந்த விரல்தான். போட்டோ எடுத்ததும் இதுதான், அதைக் குரூப்பில் தள்ளினதும் இதுதான். அப்புறம் குரூப்பிலிருந்து அதை எடுத்ததும் இதுதான். ஆமாம், எடுத்ததும்தான். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பூம்பொழில் நகர் கடைசித் தெரு முனையில் முன்பு ஒரு குப்பைத் தொட்டி இருந்தது. அதன் நாற்றம் நேராக இவர் வீட்டு வாசலுக்குத்தான் வரும். எடுங்கள் எடுங்கள் என்று மனு எழுதி, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி, கடைசியில் எடுக்க வைத்தார். அன்றைக்குத் தெருவே அவரைக் கொண்டாடியது. தொட்டி போயிற்று, ஆனால் ஜனங்களுக்குத் தொட்டி இருந்த இடம் போகவில்லை. வெறும் தரையில் கொண்டுவந்து கொட்டினார்கள். அவருக்கு அது தன் முகத்திலேயே கொட்டுகிற மாதிரி இருந்தது. தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. தினம் காலையில் ரோஜாப் பூவும் சாமி படமும் வரும், மத்தியானம் தண்ணீர் லாரிச் சண்டை வரும். அதில் இவர் எழுதினால் ஒருத்தனும் பதில் போடமாட்டான். எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருட்டு பிரியாத நேரம், நடக்கக் கிளம்பினவர் பார்த்துவிட்டார். ஒரு பொம்பளை. தலையை மூடி முந்தானை. கையில் கறுப்பு கவர். தொட்டி இருந்த இடத்தில் குனிந்து, எறியக்கூட இல்லை, தூங்குகிற குழந்தையைக் கீழே விடுகிற மாதிரி மெதுவாக வைத்தாள். மின்பெட்டி மறைவில் நின்று எடுத்தார். எடுத்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டதே, அது கோபமா? கோபம் என்றுதான் அன்றைக்கு நினைத்தார். சந்தோஷம் அது. வேட்டை கிடைத்த சந்தோஷம். படத்துக்குக் கீழே அவரே தட்டினார்: முக்காடு போட்டுக்கொண்டு அசிங்கம் கொட்டும் மகராசி. யார் வீட்டுப் பொம்பளை இது? தெரிந்தவர்கள் சொல்லவும்.

பதில் மழை. இவர் ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் பார்த்தால் பத்து, அடுத்த வாய்க்கு இன்னும். கைதட்டுகிற படம், கட்டைவிரல் படம், செருப்புப் படம். நாலு சாத்து சாத்தணும் என்று ஒருத்தன். படம் எடுத்த ஐயாவுக்கு சல்யூட் என்று இன்னொருத்தன். ஐயா! டிப்போவில் பெரிசு என்பான், வீட்டில் யோவ் என்பாள், எவன் ஐயா என்றான் இதுவரை? கோமளாவைக் கூப்பிட்டு போனை நீட்டினார், நீயும் பாரு என்று. அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "இது அரசி" என்றாள். எந்த அரசி? மங்கையர்க்கரசி, நம்ம தயாளன் வீட்டு அரசி. அந்த வாடாமல்லிப் புடவை கொலுவுக்கு நான் வச்சுக் கொடுத்தது. அந்தக் கவர்ல என்னன்னு தெரியுமா உனக்கு? வாதம் வந்து படுத்ததிலிருந்து அந்த மனுஷனுக்குக் கட்டுற டயப்பர். வர்ற குப்பை வண்டியில அத வாங்கறதில்ல. தொட்டியையும் நீ எடுக்க வச்சுட்ட. எங்க கொண்டு போவா அவ? இதைச் சொல்லிவிட்டு கோமளா கண்ணாடியைக் கழற்றி, மடித்து, கூட்டில் போட்டு மூடினாள். அந்த டப்பென்ற சத்தம். அதற்கப்புறம் அவளாக அவரிடம் பேசவில்லை. சாப்பிட வரலாம் என்பாள், சுவரைப் பார்த்து.

உடனே எடுத்தார். உடனே என்றால் உடனே, அதில் குறை சொல்ல முடியாது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு, படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, வந்த கேள்விக்கெல்லாம் சரி சரி என்று அமுக்க, படம் கண்ணெதிரே மறைந்தது. மறைந்தது, இரண்டு கண்ணால் பார்த்தார். அதோடு குரூப்பைத் திறக்கவே இல்லை. திறக்க உடம்பு கூசியது. மறுநாள் பால் பூத்தில் அரசியைப் பார்த்ததும் கிட்டே போனார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் இதுவரை ஏறினதில்லை, அன்றைக்கும் ஏறவில்லை. "அந்தப் படத்த எடுத்துட்டேன்மா" என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. அவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்வையில் கோபம் இல்லை, ஏதோ யோசிக்கிற மாதிரி ஒரு பார்வை. "அப்படியாண்ணே" என்றாள். அவ்வளவுதான். பால் பையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பெரிய மனசு, மறந்துவிட்டாள் என்று நினைத்தார். வீட்டுக்கு வரும்போது கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது. ஒரு பொட்டலம் மிக்சர் வாங்கிக்கொண்டு வந்தார், வெட்கம் கெட்டு.

நாற்காலி வரிசை அசைந்தது. பாலகுரு வந்து உட்கார்ந்தார். அடுத்த தெரு, கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர், வாய் சும்மா இருக்காது. அவரும் விரல் காட்டத்தான் வந்திருக்கிறார். என்ன சார், உயிரோட இருக்கீங்களான்னு கேட்டாங்களா, என்ன பதில் சொன்னீங்க என்று தானே கேட்டுத் தானே சிரித்தார். கஜபதி உம் என்றார். பாலகுரு போனை எடுத்து, மூக்குக்கு நேராகப் பிடித்து, விரலால் தள்ளிக்கொண்டே போனார். தள்ளினார், நின்றார், மறுபடி சிரித்தார். சார், உங்க படத்துக்கு இன்னிக்கும் ஒருத்தன் பதில் போட்டிருக்கான் பாருங்க. எந்தப் படம்? அதான், மகராசி படம். அதை எடுத்தாச்சே என்றார் கஜபதி. எங்க எடுத்தீங்க, இந்தா இருக்கே என்று போனைத் திருப்பினார் பாலகுரு. இருந்தது. வாடாமல்லி முந்தானை, குனிந்த முதுகு, கறுப்பு கவர். கீழே அவருடைய எழுத்து. அவருடைய பெயர். தன் போனை எடுத்துத் திறந்து பார்த்தார், அதில் இல்லை. அதில் இல்லை, இதில் இருக்கிறது. பாலகுரு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்: "எல்லார்க்கும் நீக்குன்னு ஒண்ணு வரும் சார், எனக்கு மட்டும் நீக்குன்னு ஒண்ணு வரும். நீங்க உங்களுக்கு மட்டும் நீக்கிக்கிட்டீங்க." இப்போது எடுக்கலாமா என்றால் முடியாதாம், நேரம் தாண்டிவிட்டதாம். அட்மின் எடுக்கலாமாம். அட்மின் வீட்டை விற்றுவிட்டு மகளோடு கோயமுத்தூர் போய்விட்டார், போன் போட்டால் எடுக்கிறதில்லை. இருக்கட்டும் சார், நல்லதுக்குத்தானே போட்டீங்க, அந்தம்மா இப்பல்லாம் அந்தப் பக்கமே வர்றதில்லையாம், பாத்தீங்களா பலன் என்றார் பாலகுரு.

எனக்கு மட்டும். காதுக்குள் டீசல் இஞ்சின் ஓடுகிற மாதிரி இரைந்தது. எனக்கு மட்டும் மறைந்தது. ஊருக்கெல்லாம் அது திறந்து கிடந்தது, மூடிக்கொண்டது இவர் கண்தான். பால் பூத்தில் நின்று எடுத்துட்டேன் என்றாரே, அப்போது அவள் முந்தானைக்குள் இருந்த போனில் அது இருந்திருக்கிறது. எடுத்துட்டேன்மா. அப்படியாண்ணே. அந்தப் பார்வை! யோசிக்கிற பார்வை இல்லை அது. இந்த மனுஷன் இவ்வளவு கூசாமல் பொய் சொல்வானா என்று பார்த்த பார்வை. சொல்லிவிட்டு மிக்சர் வாங்கினான். அரசி. கோமளா கர்ப்பப்பை எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினம் ரசம் கொண்டுவந்து கொடுத்தவள். தூக்குவாளி மூடி இறுக்கமாக இருக்கும், இவரால் திறக்க முடியாது, அவள் முந்தானையைச் சுற்றி ஒரே திருகு. அந்தக் கை. அந்தக் கைதான் இப்போது அந்தக் கவரை... எங்கே போடுகிறாள் இப்போது? அந்தப் பக்கம் வருவதில்லை என்றால் எங்கே போகிறாள்? எந்த ஊர் முனைக்கு? பஸ் ஏறிப் போகிறாளோ, மடியில் அதை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்த? வயிற்றில் மறுபடி முட்டியது. இது நிஜமாகவே முட்டுகிறது. எழுந்து சந்துக்குப் போகலாம். எழுந்தால் நனைந்திருந்தால்? வேட்டி வெள்ளை வேட்டி. பாலகுருவிடம் போன் இருக்கிறது. படம் எடுக்க ஒரு நொடி. வேட்டியை நனைத்துக்கொண்டு நிற்கும் பெரிசு, யார் வீட்டுக் கிழம் இது, தெரிந்தவர்கள் சொல்லவும். தொடைகளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. யார் வரக் கூடாது என்று நினைத்தாரோ அவர்களேதான். அரசி முதலில் இறங்கினாள், தயாளனின் வலது கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு இழுத்து இறக்கினாள். ஒரு கால் நடந்தது, ஒரு கால் கூடவே வந்தது. அவருக்கும் பென்ஷன், அவரும் உயிரோடிருக்கிறேன் என்று காட்ட வேண்டும். ரயிலில் தபால் பிரித்த மனுஷன். ஓடுகிற பெட்டியில் நின்றுகொண்டே எவன் கிறுக்கலானாலும் ஒரு பார்வையில் படித்து அந்தந்த அறைக்குள் வீசுவாராம், ஒரு கடுதாசி திசை மாறினதில்லை என்பார். வாதம் வந்தது, பேச்சு குழறியது, அதுகூடத் திரும்பிக்கொண்டிருக்கிறது, எழுத்து மட்டும் போய்விட்டது. பார்க்கிறார், எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம். கஜபதி எழுந்தார். வேட்டி நனையவில்லை. நாற்காலியைக் காட்டினார். எழுந்ததில் வரிசை அசைந்து பாலகுரு உஷ் என்றார், அரசியைப் பார்த்ததும் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஏதோ ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்று வெளியே நழுவினார். நல்லது. தயாளன் உட்கார்ந்தார். "கஜா" என்றார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. இடது கையை நீட்டி இவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எண்ணெய்க் கை, வழுக்கியது, விடாமல் பிடித்தார். வீட்டுக்கே வர்றதில்ல நீ என்றார், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து. கஜபதி அரசியைப் பார்த்தார். அம்மா, நான், அந்தப் படம், எனக்குத் தெரியாம, என்று எதையெதையோ எடுத்தார், எதுவும் முழுசாக வரவில்லை. அவள் ஒரு தரம் கணவனைப் பார்த்தாள், அப்புறம் இவரை. "இப்ப வேணாம்ணே" என்றாள். குரல் தணிந்துதான் இருந்தது.

தயாளனுக்கு ஏதோ ஞாபகம் வந்துவிட்டது. கையை விட்டுவிட்டு அரசியின் பையைத் தட்டினார், காட்டு காட்டு என்று. அவள் இப்ப எதுக்குங்க, அப்புறம் பாக்கலாம் என்றாள். அவர் விடவில்லை. குழந்தை மாதிரி பையைப் பிடித்து இழுத்தார். வேறு வழியில்லாமல் போனை எடுத்துக் கொடுத்தாள். அவர் விரலுக்கு வழி தெரிந்திருந்தது, பலமுறை போன வழி. திறந்தார், இவர் முகத்துக்கு நேராக நீட்டினார். வாடாமல்லி முந்தானை. "யாரு தெரியுதா" என்றார் தயாளன். கஜபதிக்குத் தலை ஆடியது, ஆமாம் என்றா இல்லை என்றா தெரியாமல். "நம்ம வீட்டுப் பொம்பள" என்றார் தயாளன். சொல்லிவிட்டு மறுபடி பாதி வாயால் சிரித்தார். யாரோ எடுத்துப் போட்டிருக்கான் கஜா. விடியக்காலைல. எல்லாரும் தூங்கறப்ப இவ மட்டும் எழுந்து எனக்காக ஓடறா, அத ஒருத்தன் பார்த்திருக்கான் பாரு. கல்யாணத்துக்கு அப்புறம் இவள யார் போட்டோ எடுத்தாங்க? இதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. அதுவரை கஜபதி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார். சுவரில் ஒட்டின கட்டணப் பட்டியலைப் படித்தார், படித்தது ஒன்றும் உள்ளே போகவில்லை. அரசி வெளியே ஆட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கீழ எழுதியிருக்கான்ல, அத அவருக்குப் படிச்சுக் காட்டச் சொன்னார்ண்ணே" என்றாள், திரும்பாமலேயே. "நான் படிச்சேன்." என்ன படித்தாள் என்று அவள் சொல்லவில்லை. கேட்கிற யோக்கியதை இவருக்கு இல்லை.

"நீ படி" என்றார் தயாளன். போனை இவர் கையில் திணித்தார். கஜபதி வாங்கினார். கண்ணாடி இல்லை என்று சொல்லலாம், கண்ணாடி மூக்கின் மேல் இருந்தது. சார்ஜ் இல்லை என்று சொல்லலாம், வெளிச்சம் பளீரென்று அடித்தது. எழுத்து ஒவ்வொன்றும் எழுந்து நின்றது. முக்காடு. அசிங்கம். மகராசி. அதற்குக் கீழே செருப்பு, செருப்பு, செருப்பு. எதையெல்லாமோ தட்டித் தட்டி எழுதின விரல், ஒன்றைக்கூட இப்போது நகர்த்த முடியாது. டிப்போவில் பிரேக் பிடிக்காத வண்டியை ஒரு தரம் வெளியே அனுப்பிவிட்டு, திரும்பி வந்து சேர்கிறவரை கேட்டிலேயே நின்றார், அப்போதுகூட இப்படி நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை. தயாளன் காத்திருந்தார், வாய் லேசாகத் திறந்தபடி. அரசியும் திரும்பிவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்காமல், திரையைப் பார்த்துக்கொண்டே, இல்லாததைப் படித்தார். "விடிகாலை" என்றார். நிறுத்தினார். "ஊரே தூங்குது. இந்தம்மா தூங்கல." மேலே வரவில்லை. ஆயுசு பூரா பேச்சை மிச்சம் பிடித்தவர், தேவைப்படுகிற நேரத்தில் தேடினால் எங்கே கிடைக்கும்? "யார் வீட்டு மகராசியோ" என்றார். இருமினார். "நல்லா இருக்கணும். பார்த்தவன் கும்பிட்டுக்கறேன்."

தயாளன் புருவத்தைச் சுருக்கினார். யோசித்தார். "அவ படிச்சப்ப இன்னும் நீளமா இருந்துச்சே" என்றார். கஜபதி போனைப் பிடித்தபடி நின்றார். அதைத் திருப்பிக் கொடுக்கக்கூடத் தோன்றவில்லை. அரசிதான் வாங்கினாள், வாங்கிப் பைக்குள் போட்டு, பையின் வாயை இறுக்கிச் சுருக்கினாள். "நான்தாங்க சேத்துப் படிச்சேன்" என்றாள் கணவனிடம். "எழுதினவருக்கு அவ்வளவு பேச வராது." கோபமாகச் சொன்னாளா, அதுவும் தெரியவில்லை. தயாளனின் வேட்டியில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். தாத்தா வாங்க, இப்ப வச்சுப் பாக்கலாம் என்று கம்ப்யூட்டர் பெண் கூப்பிட்டாள். தயாளன் முதல்ல வைக்கட்டும் என்றார் கஜபதி. இல்லண்ணே, உங்க முறை, நீங்க வைங்க என்றாள் அரசி. போனார். கண்ணாடியைக் கழற்றி, புறங்கையால், விரலால், கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விரலை வைத்தார். சிவப்பாக எரிந்தது, அணைந்தது. பதியவில்லை. அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். என்ன தாத்தா, அப்ப வறண்டு கிடந்துச்சு, இப்ப இப்படி ஈரமா இருக்கு என்றாள். துடைத்துக்கொண்டு வையுங்கள் என்று ஒரு துணியைத் தள்ளினாள். துடைத்தார். வைத்தார். எடுத்து மறுபடி துடைத்தார்.